யார்க்கின் வாதம்: 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் வாரிசுரிமையும் விசுவாசமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்திய வடிவம்)



ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேசவேண்டும் என்று அழைத்தவர்கள் ஹாம்லெட்டையோ லியர் மன்னனையோ எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது 'இரண்டாம் ரிச்சர்ட்'. 1595 வாக்கில் எழுதப்பட்டு 1597-இல் முதன்முதலாக அச்சேறிய நாடகம். முழுக்க முழுக்கச் செய்யுள். ஓர் அரசன் முடியிழக்கிறான், மற்றொருவன் முடிசூடுகிறான். ஆனால் இடையில் ஒரு போர்க்களக் காட்சிகூடக் கிடையாது. வாளை உருவ வேண்டிய இடங்களில் எல்லாம் வாதம்தான் நடக்கிறது.

இந்த நாடகத்தைப் படிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, நியாயம் யார் பக்கம் என்பது. ரிச்சர்ட் பக்கமா, அவனை இறக்கிய போலிங்புரோக் பக்கமா? இந்தக் கேள்வியோடு போனால் நாடகம் நமக்குப் பாதிதான் கிடைக்கும். இருவருக்கும் நடுவே ஒரு கிழவர் நிற்கிறார்: யார்க் கோமகன். மேடையில் அவரைப் பெரும்பாலும் தடுமாறுகிற, சிரிப்புக்குரிய மனிதராகவே காட்டுவார்கள். நாடகத்தின் அச்சாணியான வாதத்தைச் சொல்பவர் அவர்தான். அதற்கான விலையைத் தன் வீட்டுக்குள் வைத்தே கொடுக்கிறவரும் அவர்தான். அரச விசுவாசமும் வாரிசுரிமையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாம் எண்ணுகிறோம். இந்த நாடகத்தில் இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்றை அறுத்தவன் மற்றொன்றையும் அறுத்துவிடுகிறான். இதுவே இன்று நான் நிறுவ முயலும் கருத்து.

முதலில் குடும்பத்தை அறிமுகப்படுத்திவிடுகிறேன். மூன்றாம் எட்வர்டின் மூத்த மகன், 'கருப்பு இளவரசன்' என்று பெயர்பெற்றவன், தந்தைக்கு முன்பே 1376-இல் இறந்தான். மறு ஆண்டு எட்வர்டும் இறந்தார். அப்போது பட்டத்துக்கு வந்தவன் மூத்தவன் வயிற்றுப் பேரன் ரிச்சர்ட், வயது பத்து. வளர்ந்த சித்தப்பாக்கள் மூவர் இருந்தார்கள்: லங்காஸ்டர் கோமகன் கான்ட், யார்க் கோமகன் எட்மண்ட், கிளாஸ்டர் கோமகன் தாமஸ். கான்டின் மகன்தான் ஹென்றி போலிங்புரோக், ரிச்சர்டுக்குப் பங்காளி. ஆள் பலமும் அனுபவமும் கொண்ட மூன்று சித்தப்பாக்களைத் தாண்டி ஒரு சிறுவன் அரியணை ஏறினான் என்றால், அவனை ஏற்றியது மூத்தவன் வழி என்னும் முறை ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை விளங்கும்.

1. கொலைக்குக் காரணம் அரசனே என்றால்

சித்தப்பாக்களில் இளையவரான கிளாஸ்டர் 1397-இல் கலேயில் காவலில் இருந்தபோது இறந்தார். அரசன் சொல்லித்தான் கொன்றார்கள் என்பது ஊரறிந்த இரகசியம். நாடகத்தின் இரண்டாம் காட்சியிலேயே அவருடைய விதவை தன் மூத்தாரான கான்டிடம் வந்து பழிவாங்கச் சொல்கிறாள். அவளுடைய வாதம் முழுக்க இரத்த உறவு பற்றியது. எட்வர்டின் ஏழு பிள்ளைகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவர்கள். ஒரு கிளையை வெட்டும்போது பார்த்துக்கொண்டிருப்பது தந்தையையே வெட்டக் கொடுப்பதாகும் என்பது அவள் கட்சி.

கான்ட் மறுக்கிறார். குற்றம் நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. செய்வித்தவன் கடவுளின் பிரதிநிதியாகத் திருநிலை பெற்றவன். அவன்மேல் கை ஓங்க என்னால் ஆகாது. முறையீட்டைக் கடவுளிடம் வைத்துக்கொள் என்கிறார். எலிசபெத் காலத்து ஆங்கிலேயர் கோயிலில் கேட்டுப் பழகிய போதனை இதுதான். 1569-இல் வடபுலத்துப் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்து அடங்கிய பின், 1570-இல் கலகத்துக்கு எதிரான நீண்ட உரை ஒன்றை அரசு வெளியிட்டு ஆலயங்களில் வாசிக்கச் செய்தது. கொடுங்கோலனுக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆக, முதல் மோதலிலேயே உறவு ஒருபுறம், விசுவாசம் மறுபுறம் என்று கோடு போட்டாகிவிட்டது. அடுத்த அங்கத்தில் இந்தக் கோட்டை அழிப்பவர் யார்க்.

2. யார்க் கண்ட உண்மை

1398-இல் போலிங்புரோக்குக்கும் மோப்ரே என்னும் பிரபுவுக்கும் நடக்கவிருந்த ஒற்றையர் போரைக் காவன்ட்ரியில் அரசன் நிறுத்தினான்; இருவரையும் நாடு கடத்தினான். மகனைப் பிரிந்த கான்ட் 1399 பிப்ரவரியில் இறந்தார். வரலாற்றில், நாடு கடத்தப்பட்டவனுக்கு வந்துசேரும் சொத்துகளை அவன் முகவர்கள் வாங்கிவைக்கலாம் என்று ரிச்சர்டே முன்பு அனுமதிக் கடிதம் கொடுத்திருந்தான். அந்த அனுமதியை மார்ச் மாதம் ரத்துசெய்து, லங்காஸ்டர் நிலங்களை எடுத்துக்கொண்டான்.

ஷேக்ஸ்பியர் இந்தச் சில வாரங்களைச் சில நிமிடங்களாகச் சுருக்குகிறார். கான்ட் இறந்த செய்தி வருகிறது. அரசன் ஒரு வரியில் இரங்கல் சொல்லி முடிக்கிறான். அடுத்த மூச்சில் அயர்லாந்துப் படையெடுப்புக்குப் பணம் வேண்டும் என்று பாத்திரம் பண்டம், ரொக்கம், வருமானம் எல்லாவற்றையும் பறிமுதல் செய்கிறான். அதுவரை அரசனை எதிர்த்து வாய் திறக்காத யார்க் இப்போது வெடிக்கிறார்.

அவர் சொல்வதன் சாரம் இது. தம்பி கொல்லப்பட்டான், பொறுத்தேன். அண்ணன் மகன் நாடு கடத்தப்பட்டான், பொறுத்தேன். இதைப் பொறுக்கமாட்டேன். தகப்பன் சொத்து மகனுக்குச் சேரும் என்ற முறையை நீ ரத்துசெய்தால், இன்றைக்குப் பின் நாளை வரும் என்பதையும் ரத்துசெய். நீ நீயாக இருப்பதையும் ரத்துசெய். ஏனென்றால், நீ அரசனாக இருப்பதே அந்த முறையால்தானே?

கருணை, நன்றி, பாவம் என்று எதையும் அவர் இழுக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையை மூன்று சித்தப்பாக்களுக்கு மேல் உட்காரவைத்த அதே விதிதான் போலிங்புரோக்கை லங்காஸ்டருக்கு உரியவன் ஆக்குகிறது. அரசன் தன் கையெழுத்தால் அதை அடித்தால், தன் பட்டத்துக்கான ஆதாரத்தையே அடிக்கிறான். குடிமகன் அரசனுக்குக் காட்டும் விசுவாசமும் அந்த ஆதாரத்தைப் பிடித்துத்தான் நிற்கிறது. செஞ்சோற்றுக் கடனாக, தனி மனிதர் இருவருக்கு இடையே தீரும் கணக்காக யார்க் விசுவாசத்தைப் பார்க்கவில்லை. முறைக்குக் கட்டுப்படுவதாகப் பார்க்கிறார்.

அரசன் பதில் சொல்வதில்லை. நீ என்ன நினைத்தாலும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். யார்க் வெளியேறிய அந்த நொடியே, தான் அயர்லாந்தில் இருக்கும்வரை நாட்டை ஆளும் பொறுப்பை அந்த யார்க்கிடமே ஒப்படைக்கிறான்! தன் செயலை எதிர்த்தவர் தன்னை எதிர்க்கமாட்டார் என்ற நம்பிக்கை அவனுக்கு. அந்த நம்பிக்கை சரியா என்பதை அடுத்த காட்சிகள் சோதிக்கின்றன.

3. பெர்க்லியில் இரண்டு பெயர்கள்

போலிங்புரோக் கோடையில் ரேவன்ஸ்பரில் கரையிறங்கிப் பெர்க்லி கோட்டை வரை வருகிறான். சித்தப்பாவைக் கண்டதும் மண்டியிடுகிறான். முழங்காலைக் காட்டாதே, மனத்தைக் காட்டு. துரோகிக்கு நான் சித்தப்பன் இல்லை என்கிறார் யார்க்.

அதற்குப் போலிங்புரோக் அடுக்கும் வாதம் ஒரு தேர்ந்த வழக்கறிஞருடையது. நாடு கடத்தப்பட்டவன் ஹெரிஃபர்ட் கோமகன். இப்போது வந்திருப்பவன் லங்காஸ்டர் கோமகன். எனவே தடையை மீறியவன் நான் அல்லேன். என் பங்காளி இங்கிலாந்துக்கு அரசன் என்றால் நான் லங்காஸ்டருக்குக் கோமகன். உங்களுக்கும் ஆமர்ல் என்று ஒரு மகன் இருக்கிறான். நீங்கள் முதலில் இறந்து அவன் இப்படி மிதிபட்டிருந்தால், என் அப்பா சும்மா இருந்திருப்பாரா?

அன்றைய நிலமானிய முறைப்படி, வாரிசு அரசன் முன் வந்து வணங்கித் தன் நிலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பா இறந்ததும் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழோடு போய்ப் பட்டா மாற்றுகிறோமே, ஏறக்குறைய அதுதான். அந்த வாசலையும் அடைத்துவிட்டார்கள், நான் வேறு எங்கே போவேன் என்று கேட்கிறான். பின்னர்ப் பிரிஸ்டலில் அரசனின் அணுக்கர்களான புஷியையும் கிரீனையும் கொலைக்கு அனுப்பும்போது அவன் சொல்லும் குற்றப்பட்டியலில் ஒரு சிறு செய்தி வருகிறது. என் காட்டு மரங்களை வெட்டினீர்கள்; என் மாளிகைச் சன்னல்களில் இருந்த குலச் சின்னங்களைப் பெயர்த்தெடுத்தீர்கள்; நான் இன்னார் என்று காட்ட என் உடம்பில் ஓடும் இரத்தமும் ஊரார் நினைப்பும் தவிர ஒன்றுமில்லை என்கிறான். சொத்துப் பறிப்பு என்பது அடையாளப் பறிப்பு என்பதை இதைவிடக் கிட்டத்தில் காட்ட முடியாது.

ஆனால் ஷேக்ஸ்பியர் இங்கே ஒரு முள்ளையும் வைக்கிறார். ரிச்சர்ட் பறிமுதல் செய்யும் அதே காட்சியின் முடிவில், போலிங்புரோக் எட்டுக் கப்பலும் மூவாயிரம் வீரர்களுமாகப் புறப்பட்டுவிட்டான் என்ற செய்தியை நார்தம்பர்லாந்துப் பிரபு வெளியிடுகிறான். சொத்து பறிபோனது கடல் தாண்டி அவன் காதுக்கு எட்டும் முன்பே கப்பல் தயார்! காலத்தைச் சுருக்கியதால் வந்த முரண் என்று சிலர் சொல்வார்கள். எப்படியானாலும் பார்வையாளர் மனத்தில் ஐயம் விழுந்துவிடுகிறது. புஷிக்கும் கிரீனுக்கும் மரண தண்டனை விதிக்க ஒரு கோமகனுக்கு அதிகாரம் ஏது என்ற ஐயமும் அதோடு சேர்கிறது.

யார்க் என்ன செய்கிறார்? உன் குறை நியாயமானதுதான். ஆனால் தவறான வழியில் போய்ச் சரியானதைத் தேடக்கூடாது என்கிறார். என்னிடம் படை இல்லை, அதனால் நடுநிலை வகிக்கிறேன் என்கிறார். விடைபெறப்போனவர், வேண்டுமானால் இன்றிரவு கோட்டைக்குள் வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிடுகிறார். பார்வையாளர் சிரிக்கும் இடம் இது. அவர் கோழை என்பதைவிட, அவருடைய வாதமே அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதுதான் உண்மை. வாரிசு முறைப்படி ரிச்சர்ட் அரசன். அதே முறைப்படி போலிங்புரோக் லங்காஸ்டர். ஒருவனைக் காக்க மற்றவனை அடிக்க அந்த வாதத்தில் இடமில்லை.

4. சுவீகாரம் என்னும் ஒட்டு

வரலாற்றில் 1399 செப்டம்பர் 30 அன்று ரிச்சர்ட் நீக்கப்பட்டான். அக்டோபர் 13 அன்று நான்காம் ஹென்றிக்கு முடிசூட்டினார்கள். நாடகத்தின் நான்காம் அங்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் வந்து செய்தி சொல்பவர் வேறு யாருமில்லை, யார்க். ரிச்சர்ட் மனமுவந்து உன்னை வாரிசாகச் சுவீகரித்துக்கொண்டான், அவனிடமிருந்து இறங்கிவரும் அரியணையில் ஏறு என்று அழைக்கிறார்.

சுவீகாரம் என்ற ஏற்பாட்டை இங்கே கவனியுங்கள். அறுந்த சங்கிலியை அறுந்தது என்று ஒப்புக்கொள்ள யார்க்குக்கு மனம் வரவில்லை, ஒட்டுப் போடுகிறார். படை பலத்தால் நடந்ததைப் பரம்பரையாக எழுதினால்தான் அவரால் புதிய அரசனுக்கு விசுவாசமாக இருக்க முடியும்.

அந்த ஒட்டைப் பிய்த்தெறிபவர் கார்லைல் ஆயர். தன் அரசனுக்குத் தீர்ப்புச் சொல்ல எந்தக் குடிக்கு உரிமை உண்டு, இங்கே இருப்பவர்களில் ரிச்சர்டின் குடி அல்லாதவர் யார் என்று கேட்கிறார். இவனுக்கு முடிசூட்டினால் இனிவரும் தலைமுறைகளின் இரத்தம் இந்த மண்ணுக்கு எருவாகும் என்று எச்சரிக்கிறார். நார்தம்பர்லாந்து அவரை இராஜத் துரோகத்துக்காக அங்கேயே கைதுசெய்கிறான். பழைய அரசனுக்கு விசுவாசம் காட்டியது புதிய அரசனுக்குத் துரோகம்! ஒரே வாக்கியம், ஒரே நாள், இரண்டு பெயர்கள்.

இந்த மண்டபத்தில் பேசப்படாத ஒரு பெயரும் உண்டு. எட்வர்டின் பிள்ளைகளில் கான்டுக்கு மூத்தவர் லயனல். அவருடைய மகள் வழியில் வந்த எட்மண்ட் மார்ட்டிமர் அப்போது சிறுவன். ரிச்சர்டுக்குப் பிள்ளை இல்லாததால், மூத்த வழி என்ற கணக்கைப் பிசகாமல் போட்டால் அவன் உரிமை போலிங்புரோக்குக்கு முன்னால் வரும். இந்த நாடகம் அவனைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. 'நான்காம் ஹென்றி' முதற்பாகத்தில்தான் அந்தப் பெயர் கலகக்காரர்களின் வாயில் வெடிக்கிறது. யார்க் மண்டபத்தில் முறையைப் பற்றிப் பேசுகிறார், முறைப்படி வரவேண்டியவனைப் பற்றிப் பேசுவதில்லை.

5. யார்க் வீட்டுச் சண்டை

பல தயாரிப்புகளில் வெட்டப்படும் பகுதி ஐந்தாம் அங்கத்தின் ஆமர்ல் காட்சிகள். என் கருத்துக்கு இவை இல்லாமல் நாடகம் முடிவதே இல்லை.

யார்க் தன் மனைவியிடம் இலண்டன் ஊர்வலத்தை விவரிக்கிறார். போலிங்புரோக்கை மக்கள் வாழ்த்தியதையும், பின்னால் வந்த ரிச்சர்டின் தலையில் புழுதியை வாரி இறைத்ததையும் சொல்லும்போது அவர் குரல் உடைகிறது. ஆனாலும், இப்போது நாம் போலிங்புரோக்கின் குடிகள், சத்தியம் செய்துவிட்டோம் என்று முடிக்கிறார். அப்போது மகன் ஆமர்ல் வருகிறான். ரிச்சர்டின் நண்பன் என்பதால் அவன் பட்டம் போய்விட்டது; இனி அவனை ரட்லண்ட் என்று அழைக்க வேண்டும். அவன் விசுவாசத்துக்கு நாடாளுமன்றத்தில் பிணை நிற்பவர் யார்க்கே.

மகன் மார்புச் சட்டைக்குள்ளிருந்து ஒரு முத்திரை தொங்குகிறது. பிடுங்கிப் படிக்கிறார். ஆக்ஸ்ஃபர்டில் புதிய அரசனைக் கொல்லும் சதி. உடனே பூட்ஸைக் கொண்டுவா என்று கத்துகிறார். அரசனிடம் போய் மகனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். மனைவி பணியாளை விரட்டுகிறாள், அவர் மறுபடி கத்துகிறார். கேலிக்கூத்தாக ஓடும் இந்தக் காட்சியில் தாய் கேட்பவை கூர்மையான கேள்விகள். நமக்கு வேறு மகன் உண்டா? இனிப் பிறக்கப்போகிறானா? இவன் உன்னைப்போலவே இல்லையா? நான் உனக்கு உண்மையாக இல்லை என்று சந்தேகப்படுகிறாயா, அதனால்தான் இவனைப் பலிகொடுக்கத் துணிந்தாயா?

வரலாற்று ஏடு வேறு சொல்கிறது. ஆமர்லைப் பெற்ற இசபெல்லா 1392-லேயே இறந்துவிட்டாள். 1399-இல் இருந்தவள் மாற்றாந்தாய். ஆமர்லுக்கு ரிச்சர்ட் என்று தம்பி ஒருவனும் இருந்தான். ஷேக்ஸ்பியர் இறந்த தாயை உயிர்ப்பித்து, இருக்கும் தம்பியை மறைத்து, ஆமர்லை ஒரே வாரிசாக்குகிறார். ஏன்? யார்க்கின் வாதத்தை யார்க்கின் வீட்டிலேயே சோதிக்கத்தான். தந்தையிடமிருந்து மகனுக்கு என்ற தொடர்ச்சியை நாட்டின் அடித்தளம் என்றவர், இப்போது தன் வழித்தொடர்ச்சியை அறுக்கச் சொல்லி அரசன் முன் மண்டியிடுகிறார். மகன் மடிந்தால்தான் என் மானம் வாழும் என்கிறார். முறையிலிருந்து பிரிந்த விசுவாசம் என்ன ஆகும் என்பதற்கு இதுவே விடை. யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவருக்கு என்று அது சுருங்கிவிடுகிறது. சுருங்கச் சுருங்க அதன் பசி கூடுகிறது.

மன்னிப்பு வழங்குபவன் போலிங்புரோக். முறையை மீறி வந்தவன் ஒரு வாரிசைக் காப்பாற்றுகிறான். முறையைப் போற்றியவர் அவனை அழிக்கச் சொல்கிறார். அடுத்து, எக்ஸ்டன் என்பவன் அரசனின் குறிப்பறிந்து பாம்ஃபிரெட் சிறையில் ரிச்சர்டைக் கொன்று சவப்பெட்டியைக் கொண்டுவருகிறான். நன்றி சொல்ல வேண்டியவன் அவனைத் துரத்திவிடுகிறான். கலேயில் நடந்தது போலவே மறுபடியும் அரசன் விருப்பத்துக்கு விசுவாசி ஒருவன் செய்த கொலை. முன்பு கடவுளிடம் முறையிட்டுக்கொள் என்று சொல்லக் கான்ட் இருந்தார். இப்போது கடவுளிடம் போக வேண்டியவன் அரசனே. புனித நாட்டுக்குப் பயணம் போவதாக நேர்ந்துகொள்கிறான்.

6. முடி வேறு, சொத்து வேறு

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு வரலாற்றிலிருந்தே ஒரு சான்று. முடிசூட்டிக்கொண்ட அதே அக்டோபரில் நான்காம் ஹென்றி ஒரு சாசனம் வெளியிட்டான். லங்காஸ்டர் சொத்துகள் அரச சொத்தோடு கலவாமல், தனி நிர்வாகத்தில், தன் வழியினருக்கே சேரவேண்டும் என்றது அது. முடியைப் பிடித்தவன் முடியை நம்பவில்லை! நாளை யாராவது தன்னையும் இறக்கினால், அப்பா விட்டுச்சென்ற நிலமாவது பிள்ளைகளுக்கு மிஞ்ச வேண்டும் என்ற முன்யோசனை. அந்த ஏற்பாடு இன்றும் நிற்கிறது. லங்காஸ்டர் டச்சி என்ற பெயரில் அது பிரிட்டிஷ் மன்னரின் தனி உடைமையாக, அரச நிலங்களிலிருந்து விலகியே நிர்வகிக்கப்படுகிறது.

இந்தத் தனிப்பிரிவு எலிசபெத் ஆட்சியின் தொடக்கத்தில் ஒரு வழக்கையும் தந்தது. ஆறாம் எட்வர்ட் மைனராக இருந்தபோது டச்சி நிலத்தைக் குத்தகைக்கு விட்டது செல்லுமா என்பது கேள்வி. அரசனுக்கு இரண்டு உடல்கள். பிறந்து மூப்படையும் உடல் ஒன்று, வயதும் சாவும் அற்ற அரச உடல் மற்றொன்று என்று அப்போது வழக்கறிஞர்கள் வகுத்துப் பேசினார்கள். இதைப் பிளவ்டனின் வழக்குத் தொகுப்பிலிருந்து எடுத்து, வரலாற்றாசிரியர் கான்டோரோவிச் 1957-இல் ஒரு பெரும் நூலாக விரித்தார். அதில் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. அவர் கண் ரிச்சர்டின் மேல் இருந்தது. அந்தக் கோட்பாட்டின் ஒரு வேர் லங்காஸ்டர் சொத்து வழக்கில் இருக்கிறது என்பதை யார்க்கின் பக்கத்தில் நின்று பார்த்தால், சொத்தும் முடியும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பது புரியும்.

7. யாருடைய நாடகம்?

1595-இல் எலிசபெத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளை இல்லை, வாரிசைப் பெயர் சொல்லவும் மறுத்தார். யார் அடுத்து என்பதைப் பேசுவதே ஆபத்து. முதல் மூன்று பதிப்புகளிலும் ரிச்சர்ட் முடியிழக்கும் காட்சி இல்லை. ராணி இறந்த பின், 1608 பதிப்பில்தான் அது அச்சானது. 1601 பிப்ரவரி 7 அன்று எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள், வழக்கமான வருமானத்துக்கு மேல் நாற்பது ஷில்லிங் தந்து, ரிச்சர்ட் முடியிழந்து கொல்லப்படும் நாடகத்தைக் குளோப் அரங்கில் போடச் செய்தார்கள். மறுநாள் எசெக்ஸ் கலகத்தில் இறங்கினான். அந்த மாதமே தலை போனது. விசாரித்த பின் நடிகர்களை விட்டுவிட்டார்கள்.

கலகக்காரர்கள் இந்த நாடகத்தில் தங்கள் நியாயத்தைக் கண்டார்கள். ஆலய உரை கேட்டு வளர்ந்த ஒருவர் கார்லைலின் எச்சரிக்கையைக் கேட்டிருப்பார். இரண்டும் நாடகத்தில் இருக்கின்றன. எசெக்ஸின் ஆட்கள் கேட்கத் தவறியது யார்க்கை. கேட்டிருந்தால், அரசன் முறை தவறியதால் நாமும் முறை தவறலாம் என்ற வாதம், வென்றவனையும் அதே கேள்விக்கு ஆளாக்கும் என்பது விளங்கியிருக்கும்.

ஆகவே என் முடிவு இது. ஷேக்ஸ்பியர் அரசனுக்கு ஒரு பாடம், குடிமகனுக்கு ஒரு பாடம் என்று வைக்கவில்லை. விசுவாசத்தைக் கோரும் அதிகாரம், தான் எந்த விதியால் அதிகாரம் ஆனதோ அந்த விதியைத் தன் கீழுள்ள கடைசி மனிதனுக்கும் விட்டுவைக்க வேண்டும். விட்டுவைக்காவிட்டால், எதிர்க்கிறவனும் பணிகிறவனும் சேர்ந்தே கெடுவார்கள். போலிங்புரோக் எதிர்த்துக் கெட்டான். யார்க் பணிந்து கெட்டார். இவர்களில் யாரைக் குறைசொல்வது என்று நாம் தடுமாறுகிறோமே, அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணமானவன் ஒரு பிற்பகலில் இன்னொருவன் வீட்டுப் பாத்திரத்தைக் கணக்கெடுத்த அரசன்தான்.